இஞ்ச் டேப்போடு ஒரு அமெரிக்கப் பயணம்

பயணத்துக்கு முந்தைய நாள், பம்மல்

அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போக மூன்று நாளாகப் பெட்டி கட்டுகிறோம். ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. பருப்புப்பொடி, வடாம், நார்த்தங்காய் ஊறுகாய், மாப்பிள்ளைக்கென்று தனியாக அதிரசம். கொக்கித் தராசில் தூக்கிப் பார்ப்பதும், அரைக் கிலோ கூடிவிட்டதென்று ஒரு புடவையை உருவுவதும், அந்தப் புடவையே பிறகு அடுத்த பெட்டியில் ஏறுவதுமாகப் பொழுது போகிறது. என் மச்சினன் 1999-ல் போனபோது பெட்டிக்கு 32 கிலோ விட்டார்கள். அம்மிக்கல்லைத் தவிர எல்லாவற்றையும் கொண்டு போனான். என் மனைவி சரோஜா கறிவேப்பிலையை இரண்டு முறை உள்ளே வைத்தாள், இரண்டு முறையும் நான் வெளியே எடுத்தேன். ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைக் கொல்லும் நோய் அதன் வழியாகப் பரவும் என்று அமெரிக்காவில் பச்சைக் கறிவேப்பிலையை உள்ளே விடுவதில்லை. "நாலு இணுக்குல என்ன நோய் போயிடும்?" என்று அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

அவளுக்குத் தெரியாமல் நான் எடுத்து வைத்தது ஒன்றே ஒன்று. அவளுடைய தையல் மெஷின் டிராயரில் கிடந்த இஞ்ச் டேப்.

காரணம் இருக்கிறது. காலை நடைக்குப் பிறகு பார்க் பெஞ்சில் உட்காரும் கூட்டத்தில், "இப்ப இருக்கிறதெல்லாம் சீட்டா? கோழிக்கூண்டு. 1988-ல நான் போனேனே, அது சீட்டு" என்று பத்து வருடமாகச் சொல்லி வருகிறேன். போன வாரம் அங்கே உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், "அளந்து பார்த்தீங்களா சார்?" என்று கேட்டார். முப்பத்தைந்து வருடம் வால்வு கம்பெனியில் தரப் பரிசோதனை பார்த்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? சுருக்கென்று தைத்தது. ஏனென்றால், அளந்து பார்த்ததில்லை.

நாள் 1, சென்னையிலிருந்து வளைகுடா

1988-ல் எனக்கு 27 வயது. மூன்று மாதப் பயிற்சிக்குக் கம்பெனி நியூ ஜெர்சிக்கு அனுப்பியது. வழியனுப்ப மீனம்பாக்கத்துக்கு இரண்டு வேன் ஆள் வந்தது. கழுத்தில் சந்தன மாலை, கையில் எலுமிச்சம்பழம். டிக்கெட் என்பது ஒரு குட்டிப் புத்தகம். தாளின் பின்பக்கம் சிவப்பு கார்பன், தொட்டால் விரலில் ஒட்டும். அதில் போட்டிருந்த தொகை என் எட்டு மாதச் சம்பளத்துக்கும் மேலே. கம்பெனி காசு என்பதால் பிழைத்தேன். இங்கிருந்து பம்பாய், அங்கே சாந்தாகுரூஸில் இறங்கி பஸ் பிடித்து சஹார், பாதி ராத்திரி வரை பெஞ்சில் காத்திருப்பு, அப்புறம்தான் ஜம்போ, அதாவது போயிங் 747. திரும்பி வருவதற்கு 72 மணி நேரம் முன்பே போன் போட்டு "வருகிறேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சீட் கைவிட்டுப் போய்விடும் என்று பயமுறுத்தி வைத்திருந்தார்கள்.

இந்த முறை டிக்கெட் மகளின் போனிலிருந்து என் போனுக்கு வந்து விழுந்தது. "எவ்வளவும்மா ஒரு டிக்கெட்டு?" என்றேன். "என்னோட ஒரு வாரச் சம்பளம்கூட இல்லப்பா, விடுங்க" என்றாள். வழியனுப்ப யாரும் வரவில்லை. டாக்ஸிக்காரர் மட்டும் பெட்டியை இறக்கிவிட்டு "பார்த்துப் போயிட்டு வாங்க" என்றார்.

வளைகுடாவில் ஓர் ஊரில் இறங்கி விமானம் மாறுகிற வழி. எந்தக் கம்பெனி, எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். எங்கே போனாலும் இப்போது ஏறக்குறைய இதே அளவுதான். முதல் விமானம் போயிங் 787. வரிசைக்கு மூன்று, மூன்று, மூன்று என ஒன்பது பேர். போயிங் இந்த விமானத்தை வரைந்தபோது வரிசைக்கு எட்டுப் பேர் வசதியாக உட்காரலாம் என்றுதான் கணக்குப் போட்டது. வாங்கிய கம்பெனிகளில் ஜப்பான் ஏர்லைன்ஸ் போல ஒன்றிரண்டு தவிர மற்ற எல்லோரும் ஒன்பதாவது ஆளையும் நுழைத்துவிட்டார்கள்.

விமானம் மேலே ஏறி பெல்ட் விளக்கு அணைந்ததும் டேப்பை எடுத்தேன். கைப்பிடிக்கும் கைப்பிடிக்கும் நடுவில் 17 இஞ்ச் 2 நூல் (எட்டு நூல் ஒரு இஞ்ச்). அடுத்தது காலுக்கான இடம். இதை முழங்காலிலிருந்து அளக்கக் கூடாது. நம் சீட்டில் ஒரு புள்ளி, முன் சீட்டில் அதே புள்ளி, இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் கணக்கு. ஆங்கிலத்தில் பிட்ச் என்பார்கள். 31 இஞ்ச் வந்தது.

ஜன்னலோரம் அறந்தாங்கிப் பக்கத்துப் பையன். இருபத்திரண்டு வயது இருக்கும். முதல் பயணம், ஏதோ குளிர்பதனக் கிடங்கில் வேலை. நான் குனிந்து நிமிர்ந்து அளப்பதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன சார் அளக்குறீங்க?"

"சீட்டு அகலம் தம்பி. பதினேழேகால்தான் இருக்கு. முன்னாடியெல்லாம் இதைவிடப் பெருசு."

"இதுவே பெருசுதான் சார். எங்க ஊரு பஸ்ல மூணு பேர் சீட்டுல நாலு பேர் போவோம். இதுல கைப்பிடி வேற வச்சிருக்கான்."

டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த விமானத்தில் காதும் மூக்கும் படுகிற பாடு குறைவு. விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதுபோல் இருக்காது. ஏதோ ஒரு மலை உயரத்தில் இருப்பதுபோல் வைத்திருப்பார்கள். பழைய அலுமினிய விமானங்களில் அது 8,000 அடிவரை போகும். அதாவது ஊட்டியையும் தாண்டி, தொட்டபெட்டாவுக்குச் சற்றுக் கீழே. அதற்கு மேல் அழுத்தம் ஏற்றினால், பறக்கும் ஒவ்வொரு முறையும் உலோகம் உப்பிச் சுருங்கி, நாளடைவில் களைத்து விரிசல் விடும். 787-ன் உடம்பு கார்பன் நாரும் பிசினும் சேர்த்துச் செய்தது. அது அப்படிக் களைக்காது, துருவும் பிடிக்காது. அதனால் அந்த மலை உயரத்தை 6,000 அடிக்கு இறக்கி, காற்றில் ஈரத்தையும் கொஞ்சம் கூட்டி வைக்க முடிகிறது. ஆறாயிரம் அடி என்றால் குன்னூர். ஊட்டிக்கு மேலே நான்கு மணி நேரம் உட்கார்வதற்கும் குன்னூரில் உட்கார்வதற்கும் உள்ள வித்தியாசம், வயதான மண்டைக்கு நன்றாகவே தெரிகிறது.

சாப்பாட்டில் வந்த வெண்ணெய்ப் பொட்டலத்தை அந்தப் பையன் பிரிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். இறங்கும்போது "வரேன் சார், டேப்பு பத்திரம்" என்று சிரித்துவிட்டுப் போனான்.

நாள் 2, வானத்தில் பதினாலு மணி நேரம், பிறகு நியூயார்க்

சரோஜாவுக்கு முழங்கால் வலி நிஜம். அதனால் வீல்சேர் சொல்லியிருந்தோம். விமானம் மாறும் இடத்தில் பார்த்தால், ஒரு மூலையில் நாற்பது வீல்சேர் வரிசையாக நிற்கிறது. முக்கால்வாசியில் நம் ஊர்ப் பாட்டிகள். கேட் திறந்ததும் அதில் நான்கைந்து பேர் எழுந்து விறுவிறுவென்று நடந்து போய்விட்டார்கள். நடக்கத் தெரியாததால் கேட்டதில்லை, இங்கிலீஷ் போர்டு படித்து வழி கண்டுபிடிக்கத் தெரியாததால் கேட்டது. என் அம்மாவும் அப்படித்தான் கேட்டிருப்பாள்.

இரண்டாவது விமானம் போயிங் 777. இங்கேதான் என் கட்சிக்குப் பலம் கிடைத்தது. டேப்பில் சரியாக 17 இஞ்ச். ஒரு நூல்கூட மேலே இல்லை. இந்த விமானம் 1995-ல் பறக்கத் தொடங்கியபோது பெரும்பாலான கம்பெனிகள் வரிசைக்கு ஒன்பது சீட்தான் போட்டிருந்தன. அகலம் 18 இஞ்ச் 4 நூல். விமானத்தின் உடம்பு ஒரு இஞ்ச்கூட மாறவில்லை. பத்தாவது சீட்டை உள்ளே திணித்ததும் ஒவ்வொருவருக்கும் ஒன்றரை இஞ்ச் போய்விட்டது. ஒன்றரை இஞ்ச்தானே என்று தோன்றும். என் தோள் அகலத்தை வீட்டிலேயே அளந்திருந்தேன். பதினெட்டரை. பக்கத்தில் உட்கார்ந்த ஆந்திரக்காரருக்கும் ஏறக்குறைய அதே இருக்கும். அவர் சாப்பிடும்போது நான் கையைக் கட்டிக்கொண்டேன், நான் சாப்பிடும்போது அவர் கட்டிக்கொண்டார். பேசி வைத்துக்கொள்ளவில்லை, தானாக அமைந்தது. காலுக்கு இடம் இல்லை என்று எல்லோரும் புலம்புகிறார்கள். என்னைக் கேட்டால் கால் பிரச்சினையே இல்லை, நீட்டவோ மடக்கவோ வழி கண்டுபிடித்துவிடலாம். தோளை மடக்க முடியாது.

இதே தூரத்தை 1988-ல் கடந்தபோது எனக்குக் கிடைத்தது 38-வது வரிசை. சிகரெட் பிடிக்காதவர்களுக்கான கடைசி வரிசை அதுதான். 39-லிருந்து புகைக்கலாம். நடுவில் சுவரும் இல்லை, திரையும் இல்லை, சின்னதாக ஒரு போர்டு மட்டும். எனக்குப் பின்னால் இருந்தவர் லண்டன் வரை ஊதித் தள்ளினார். இறங்கியபோது சந்தன மாலையே சார்மினார் சிகரெட் வாசனை அடித்தது. அந்த வருடம் ஏப்ரலில்தான் அமெரிக்கா இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் உள்நாட்டு விமானங்களில் மட்டும் புகைக்கத் தடை போட்டிருந்தது. அந்த நாட்டுக்கு வந்துபோகும் எல்லா விமானங்களிலும் தடை வர 2000 வரை ஆயிற்று. பார்க் பெஞ்சில் இந்தப் பகுதியை நான் ஒருநாளும் சொன்னதில்லை.

சினிமாவும் அப்படித்தான். முன் சுவரில் ஒரே ஒரு திரை, எல்லோருக்கும் ஒரே படம். முன்னால் உயரமான ஆள் இருந்தால் பாதிப் படம் அவர் தலை. காதில் மாட்டக் கொடுத்தது டாக்டர் வைத்திருக்கும் ஸ்டெதஸ்கோப் மாதிரி ஒரு வெற்றுக் குழாய். கம்பி கிடையாது, கைப்பிடியில் இருக்கும் ஓட்டையில் செருகினால் சத்தம் காற்றாகவே குழாய் வழியாகக் காதுக்கு வரும். ஒரு காது வலித்தால் மறு காதுக்கு மாற்றிக்கொள்வேன். இப்போது முகத்துக்கு ஒரு முழம் தள்ளி ஆளுக்கொரு திரை. சரோஜா மூன்று தமிழ்ப் படம் பார்த்தாள். மூன்றிலும் பாதியில் தூங்கினாள்.

சாப்பாட்டுத் தட்டு சுருங்கித்தான் போயிருக்கிறது. 1988-ல் எவர்சில்வர் கத்தி, முள்கரண்டி, கடைசியில் ஒரு சின்னக் கேக், காபி, மறுபடி காபி. சீட் பையில் விமானப் படம் போட்ட தபால் அட்டைகூட இலவசமாக இருக்கும். எழுதிக் கொடுத்தால் அவர்களே தபாலில் சேர்ப்பார்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவராக இருந்த ராபர்ட் கிராண்டால், 1980களில் சாலட்டில் போடும் ஆலிவ் காயில் ஒன்றைக் குறைத்தே வருடத்துக்கு 40,000 டாலர் மிச்சம் பிடித்தார் என்பது விமானத் தொழிலில் எல்லோரும் சொல்லும் கதை. அந்த ஒற்றை ஆலிவிலிருந்து ஆரம்பித்து எதையெதையோ எடுத்தார்கள். எங்களுக்கு ஏவிஎம்எல், அதாவது நம் ஊர் மாதிரி சைவச் சாப்பாடு என்று முன்பே எழுதி வைத்திருந்ததால் மற்றவர்களுக்கு முன்னால் தட்டு வந்துவிட்டது. நம்மவர்களில் பாதிப் பேர் சைவம் என்று சொல்வது இந்த அரை மணி நேர முன்னுரிமைக்காகத்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம். கூட்டு மாதிரி ஒன்று, சோறு மாதிரி ஒன்று. உப்பே உறைக்கவில்லை. அது சமைத்தவர் குற்றம் இல்லை. உலர்ந்த காற்றிலும் இரைச்சலிலும் நாக்குக்கு உப்பும் இனிப்பும் மங்கிவிடும். புளிப்பு அவ்வளவாக மங்காது போலிருக்கிறது. சரோஜா டப்பாவில் கொண்டு வந்த புளியோதரை, வீட்டில் சாப்பிட்டதைவிட நன்றாக இருந்தது. ஆந்திரக்காரருக்கும் ஒரு பிடி கொடுத்தோம். "கோங்குரா ஞாபகம் வருது" என்றார்.

நள்ளிரவுக்குப் பிறகு நடக்கப் போனேன். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் இரட்டிப்பாகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஆனாலும் ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு வருகிற சமாச்சாரம், பயப்பட ஒன்றுமில்லை. பின்பக்கம் சமையல் மேடை அருகே பார்த்தால் திண்ணை மாதிரி ஒரு கூட்டம். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டும் அப்பா ஒருவர், சும்மா சுவரில் சாய்ந்து நிற்கும் இரண்டு குஜராத்திப் பெரியவர்கள், காலை மாற்றி மாற்றி ஊன்றும் ஓர் அம்மா. "எங்கே போறீங்க, யார் அங்கே இருக்கா" என்ற பேச்சு. பதினாலு மணி நேரத்தில் என் தோள் விரிந்திருந்தது அந்த இருபது நிமிடம்தான்.

கென்னடி விமான நிலையத்தில் குடியேற்ற வரிசை, பெட்டி, சுங்கம் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. மகள் வந்திருந்தாள். "நேரா வீட்டுக்குத்தானே?" என்றாள் சரோஜா. "அப்பாவுக்கு ஒரு இடம் காட்டணும், ஒரு அரை மணி நேரம்" என்று ஏர்டிரெய்னில் ஏற்றி ஐந்தாவது டெர்மினலுக்குக் கூட்டிப் போனாள்.

அங்கே கட்டடக் கலைஞர் ஈரோ சாரினென் வடிவமைத்த, டிடபிள்யூஏ விமானக் கம்பெனியின் பழைய முனையம் இருக்கிறது. 1962-ல் திறந்தது, 2001-ல் மூடியது, 2019-லிருந்து ஹோட்டல். பெரிய பறவை ஒன்று சிறகு விரித்து உட்கார்ந்த மாதிரி கான்கிரீட் கூரை. உள்ளே குழிவான கூடம், மிளகாய்ச் சிவப்பில் கம்பளம், டக்டக்கென்று எழுத்துகள் புரளும் பழைய கால அட்டவணைப் பலகை. சரோஜா அந்தச் சிவப்பு சோபாவில் உட்கார்ந்தாள், இரண்டாவது நிமிடம் தூங்கிவிட்டாள். வெளியே 1958-ல் செய்த நான்கு விசிறி லாக்ஹீட் கான்ஸ்டெலேஷன் விமானம் ஒன்று நிற்கிறது. உள்ளே இப்போது மதுக்கூடம். படியேறி உள்ளே போய் நான் டேப்பைத் தொட்டதுமே மகள் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். "அப்பா, ப்ளீஸ்!"

அளக்க விடாவிட்டாலும் யோசிக்க விட்டாள். இந்த விமானம் பிறந்த அதே 1958-ல், ஏப்ரல் முதல் தேதிதான் அட்லாண்டிக்கைத் தாண்டும் விமானங்களில் எகானமி வகுப்பு என்ற பெயரே வந்தது. முட்டாள்கள் தினத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்களா, தற்செயலா, நம் கணிப்புக்கு விட்டுவிடலாம். விமானக் கம்பெனிகளின் சங்கமான ஐயாட்டா அதற்கு விதி எழுதியது. சீட் இடைவெளி 34 இஞ்ச். சாப்பாட்டுக்கு சாண்ட்விச் மட்டும், அதுவும் குளிர்ந்ததாக, எளியதாக, மலிவாக இருக்க வேண்டும். ஸ்காண்டிநேவிய நாடுகளின் எஸ்ஏஎஸ் கம்பெனி ஒரு ரொட்டித் துண்டின் மேல் கறியும் மீனும் காய்கறியுமாக ஒரு பந்தியே அடுக்கி, "இதுவும் சாண்ட்விச்தான்" என்றது. போட்டிக் கம்பெனியான பான் அமெரிக்கன் புகார் கொடுத்தது. சாண்ட்விச் என்றால் என்ன என்று பெரிய மனிதர்கள் கூடிப் பேசி, எஸ்ஏஎஸ்ஸுக்கு அபராதம் போட்டார்கள்.

சிரிப்பு வந்தாலும் விஷயம் இதில்தான் இருக்கிறது. கட்டணத்தை யாரும் குறைக்க முடியாது என்று விதி இருந்தால், வேறு எதில்தான் போட்டி போடுவது? ரொட்டியின் மேல் அடுக்குவார்கள். அமெரிக்க உள்நாட்டு விமானங்களுக்கு அரசாங்கமே விலை வைத்த காலத்தில், 1971-ல், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் ஜம்போவில் சாதாரண வகுப்புப் பயணிகளுக்குக் கூடம் அமைத்து அதில் பியானோவே வைத்தது. 1978 அக்டோபரில் அந்த விலைக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டார். டிக்கெட் விலை இறங்க ஆரம்பித்தது. பியானோ அதற்கு முன்பே காணாமல் போயிருந்தது. அப்புறம் ஆலிவ்.

நாள் 3, நியூ ஜெர்சியில் எடிசன், மகள் வீடு, விடிகாலை மூன்று மணி

தூக்கம் வரவில்லை. உடம்பு பம்மல் நேரத்தில் இருக்கிறது. எல்லோரும் தூங்கும் வீட்டில் சமையலறை விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு கணக்குப் போட்டேன். முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தரப் பரிசோதனை பார்த்தவன் பிடிக்காத எண்ணையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

நான் 1988-ல் போன ஜம்போவின் உள் அகலம் சுமார் 240 இஞ்ச். நேற்று வந்த 777-ன் உள் அகலம் 231 இஞ்ச். ஜம்போ 1970-ல் வந்த புதிதில் வரிசைக்கு ஒன்பது சீட்டுகள்தான். ஆனால் சில வருடங்களிலேயே பத்தாக்கிவிட்டார்கள். நான் ஏறியபோது மூன்று, நான்கு, மூன்று. எனக்கே நினைவிருக்கிறது, நடு நான்கில் இரண்டாவது ஆள் நான். ஒன்பது இஞ்ச் வித்தியாசத்தைப் பத்துப் பேருக்குப் பிரித்தால், நான் பெருமை பேசிய 1988 சீட் நேற்றைய கோழிக்கூண்டைவிட ஒரு இஞ்ச்கூட அகலம் இல்லை.

இன்னொன்றும் பார்த்தேன். 1958 அக்டோபரில் பான் அமெரிக்கன் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு ஓட்டிய போயிங் 707-ன் உடல் அகலம்தான் இன்றைய 737-க்கும். அன்றும் வரிசைக்கு ஆறு சீட்டுகள், இன்றும் ஆறு. அந்த வகையில் அகலம் ஏறக்குறைய எழுபது வருடமாக அப்படியே நிற்கிறது.

அப்படியானால் அந்த விசாலமான சீட் எங்கே போயிற்று? பயணத்துக்குக் கிளம்பும்போது எடுத்த படம் மகளின் ஆல்பத்தில் இருக்கிறது. சந்தன மாலையோடு ஒட்டடைக்குச்சி மாதிரி ஒருவன் நிற்கிறான். அன்றைக்கு என் பேன்ட் இடுப்பு 28. டேப்பை எடுத்து இப்போதைய இடுப்பை அளந்தேன். எண்ணை எழுதப்போவதில்லை.

முழுக்கத் தோற்றுவிடவும் இல்லை. 777-ல் ஒன்பதைப் பத்தாக்கியது நிஜம். காலிடம் 34-லிருந்து 31-க்கு வந்ததும் நிஜம். அதிலும் சீட் முதுகை மெலிதாக்கி, புத்தகப் பையை மேலே தூக்கி வைத்து, கொஞ்சம் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். குஷன் குறைந்தது தனிக்கதை. பத்தாவது மணி நேரத்தில் இரும்புச் சட்டம் எந்த இடத்தில் இருக்கிறது என்று உட்கார்ந்தபடியே வரைந்து காட்டலாம்.

தமிழாசிரியருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நாள் 6, ஆர்லாண்டோ

பேத்திக்கு விடுமுறை. ஐந்து பேரும் கிளம்பினோம். உள்நாட்டு மலிவு விமானம். கம்பெனி பெயர் வேண்டாம், மாப்பிள்ளைக்கு அதன் மேல் ஏற்கெனவே கோபம். டிக்கெட் விலை பார்த்தால் சென்னையிலிருந்து மதுரைக்கு ஆம்னி பஸ்ஸில் போகிற மாதிரி இருந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கூட்டினார்கள். கைப்பெட்டிக்குக் காசு. சேர்ந்து உட்கார வேண்டுமா, காசு. தண்ணீர் பாட்டில், காசு. சேர்ந்து உட்காரக் காசு கட்டாததால் சரோஜாவுக்கு ஒன்பதாவது வரிசை, எனக்கு இருபத்து மூன்று. முப்பத்தாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் ஒரு பயணத்தில் பிரிந்து உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. நிம்மதியாக இருந்ததாக அவள் பிறகு சொன்னாள்.

ஏர்பஸ் ஏ320. சீட் சாயாது, சாய்வதற்குப் பொத்தானே இல்லை. டேப் போட்டேன். இடைவெளி 28 இஞ்ச். ஆனால் அகலம் 17 இஞ்ச் 6 நூல்! நம்ப முடியாமல் இரண்டாவது முறை அளந்தேன், அதேதான். ஏர்பஸ் இந்த விமானத்தை வரைந்தபோது 737-ஐவிட உடம்பை ஏழு இஞ்ச் போல அகலமாக்கியிருந்தது. அதனால் இந்தப் பயணத்திலேயே மிக மலிவான டிக்கெட்டில்தான் எனக்குத் தோளுக்கு அதிக இடம் கிடைத்தது. முழங்கால் முன் சீட்டில் முட்டிக்கொண்டிருந்தது, அது வேறு விஷயம்.

இந்த 28-க்கு ஒரு கதை உண்டு. சீட் சுருங்கிக்கொண்டே போகிறது, ஆபத்தில் வெளியே ஓட முடியாது என்று பயணிகள் அமைப்பு ஒன்று அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை மீது வழக்குப் போட்டது. 2017-ல் நீதிபதி, "நம்ப முடியாமல் சுருங்கும் சீட்" வழக்கு என்று தீர்ப்பிலேயே கிண்டல் அடித்துவிட்டு, துறை சரியான காரணம் காட்டவில்லை என்றார். மறு வருடம் நாடாளுமன்றம், ஒரு வருடத்துக்குள் குறைந்தபட்ச அளவை நிர்ணயிக்கச் சொல்லிச் சட்டம் போட்டது. அந்த ஒரு வருடத்தில் எந்த அளவும் வரவில்லை. ஓக்லஹோமா நகரத்தில் பரிசோதனை மட்டும் நடந்தது. 700 பேருக்கு மேல் தன்னார்வலர்களை வரவழைத்து, பல இடைவெளிகளில் உட்கார வைத்து, எழுந்து ஓடச் சொன்னார்கள். 28 இஞ்சிலும் பெரும்பாலானோருக்குத் தடையில்லை என்று முடிவு. ஓடியவர்கள் யார் தெரியுமா? 18 முதல் 60 வயதுக்குட்பட்ட திடகாத்திரமானவர்கள். குழந்தைகள் இல்லை, கிழவர்கள் இல்லை, முழங்கால் வலிக்காரர்கள் இல்லை. எனக்கு 64. ஒன்பதாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவளுக்கு 61. பாதிக் கதவு மூடியிருந்தாலும் எல்லோரும் 90 விநாடியில் வெளியேற வேண்டும் என்பது உலகமே ஏற்றுக்கொண்ட விதி. சரோஜா பெல்ட்டைக் கழற்றவே நாற்பது விநாடி ஆகும். வால்வு கம்பெனியில் இப்படி நல்ல வால்வுகளாகப் பொறுக்கியெடுத்துச் சோதித்திருந்தால் எனக்கு மெமோ கொடுத்திருப்பார்கள்.

ஆர்லாண்டோவில் வெயில் நம் ஊர் மாதிரி. மற்றபடி எல்லோரும் எழுதியதுதான், விட்டுவிடுகிறேன்.

நாள் 9, எடிசன்

திரும்பும் டிக்கெட்டை பிரீமியம் எகானமியாக மாற்றித் தரட்டுமா என்று மகள் கேட்டாள். சீட் 19 இஞ்ச், இடைவெளி 38. இரண்டு பேருக்கும் சேர்த்து எவ்வளவு கூட ஆகும் என்று சரோஜா கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை ரூபாயாக மாற்றி, அதைப் பவுனாகவும் மாற்றிப் பார்த்தாள். பேச்சு அதோடு முடிந்தது.

மத்தியானம் பேத்திக்குப் பட்டுப் பாவாடை தைக்கத் துணியை விரித்தாள். இங்கே மகளிடம் மெஷின் இருக்கிறது. டேப்பைத் தேடினாள். மூன்று டிராயர் திறந்து மூடும் சத்தம் கேட்டது. வேறு வழியில்லாமல் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஏன் அது என்னிடம் இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. பேத்தியை ஸ்டூல் மேல் ஏற்றி இடுப்பைச் சுற்றி டேப்பைப் பிடித்தவள் நிறுத்திவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

"என்னங்க, பதினேழுல பேனாவால கோடு போட்டு வச்சிருக்கீங்களே, இது அழியுமா?"